மகன் எடுத்த அம்மா

டப்பிங் கூடத்தில் அவளுக்குத் தொண்டையம்மா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் வாசலில் காவல் இருப்பவர் முதல் தயாரிப்பாளர் வரை அப்படித்தான் சொன்னார்கள். முப்பத்தாறு வருஷமாகச் சினிமா அம்மாக்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் நடிக்கிறவர்கள் யார் யாரோ. மொழி தெரியாதவர்கள், தெரிந்தும் வாயில் நுழையாதவர்கள், அழகாக அழுதுவிட்டுக் கொக்கரிப்பதுபோலப் பேசுகிறவர்கள். அவர்கள் உதட்டை அசைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த உதடுகளுக்குப் பேச்சு வைப்பது இவள் வேலை. ஒரு கண்ணாடிச் சுவர், ஒரு மைக், காதில் ஹெட்போன், எதிரே திரை, காலடிச் சத்தம் கேட்காமலிருக்க ஒரு கம்பளத் துண்டு. அந்தக் கம்பளத் துண்டின் மேல் நின்றபடியே நூறு தடவைக்கு மேல் செத்திருக்கிறாள்.

செத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. சாகவைத்த லட்சணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மகன் பரீட்சையில் ஜெயித்த செய்தி வந்ததும் சந்தோஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தாள். மகனுக்கு வந்த கத்தியை நடுவில் புகுந்து வாங்கிச் செத்தாள். மகன் மழையில் மருந்துக்கு ஓட, அவன் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் செத்தாள். எப்படிச் செத்தாலும் சாகிறவளுக்கு ஒன்றரை வரி வசனம், அழுகிறவனுக்கு ஒன்றரைப் பக்கம். அம்மாவின் பிணம் மகனின் நடிப்புக்கு மேடை, அவ்வளவுதான் என்பாள்.

இப்போதெல்லாம் படங்களில் அம்மாக்கள் மாறிவிட்டார்கள் என்று பத்திரிகையில் ஒரு பெரிய கட்டுரை வந்தது. அதை வரி விடாமல் படித்துவிட்டு, மடித்து, சமையலறை அலமாரித் தட்டில் எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் விரித்தாள். புது அம்மாவையும் அவளுக்குத் தெரியும். முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள். மகன் காதலிக்கிறான் என்றதும் கோபப்படாமல் கண்ணடிப்பாள். அவனோடு மோட்டார் சைக்கிளில் போவாள், அவன் சிநேகிதர்களோடு ஆடுவாள். பழைய அம்மா இருமினாள், இவள் சிரிக்கிறாள். இருமலும் மகனுக்காக, சிரிப்பும் மகனுக்காக. வேலைக்குப் போகிறவள் என்று ஒரு வரி வரும். எந்த ஆபீஸ், என்ன மேஜை, யாரோடு சண்டை என்று ஒரு காட்சியும் வராது. அவளுக்கென்று ஒரு சிநேகிதி கிடையாது, ஒரு பல்வலி கிடையாது. மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் அந்தப் பொம்பளை என்னதான் செய்வாள் என்று தொண்டையம்மா பல நாள் யோசித்திருக்கிறாள். விளக்கை அணைத்து மூலையில் நிறுத்தி வைத்துவிடுவார்கள்போல.

சவுண்டு இன்ஜினியர் அவளோடு பதினெட்டு வருஷம் வேலை செய்தவன். அவனிடம்தான் இதையெல்லாம் கொட்டுவாள். கொட்டிய கையோடு மைக் முன்னால் போய் நின்று, கேட்பவன் நெஞ்சு பிசையும்படி விசும்பிவிட்டு வருவாள். ஒரு நாள் அவன் கேட்டான்.

“இவ்வளவு திட்டுறீங்க, அப்புறம் எப்படிக்கா அப்படி அழறீங்க?”

“பல் டாக்டர் பல்லைக் காதலிச்சா பிடுங்குறாரு?” என்றாள்.

வீட்டில் அவள் வேறு ஆள். வேறு ஆள் என்பதைவிட, பேசவே பேசாதவள் என்று சொல்லலாம். அவள் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, கால்சட்டைக்கு மடிப்பும் சட்டைக்குக் காலரும் தைத்துக்கொண்டிருந்தார். இவள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஒரே மகன். பிறந்த நாலாம் மாதத்திலிருந்து அவனைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது, காய்ச்சலில் ஈரத்துணி போட்டது எல்லாம் அப்பாதான். துணித் துண்டுகள் குவிந்த கூடையில்தான் அவன் தவழ்ந்தான். இவள் வருவாள், கை கழுவுவாள், சாப்பிடுவாள். தொண்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வேலை முடிந்தால் பேச்சு கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதனால் வீட்டில் எல்லாம் ஜாடைதான். மேஜையில் ஒரு தட்டு தட்டினால் இங்கே வா, இரண்டு தட்டினால் கூடாது. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை ஏற்றினால் அன்றைக்கு அவன் விளையாடப் போக முடியாது. மகன் பேசக் கற்றுக்கொண்டது அப்பாவிடம். அம்மாவிடம் கற்றது புருவம் படிக்க.

தியாகம் என்று சொல்லிக்கொள்ளும்படி அவள் எதுவும் செய்ததில்லை. ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. வீட்டில் முதலில் சாப்பிடுகிறவளே அவள்தான், வயிறு காய்ந்தால் குரல் நடுங்கும் என்பதால். கொதிக்காமல், உறைக்காமல், பெரிய கிண்ணம் நிறைய சூப் வேண்டும், அவித்த முட்டை இரண்டு வேண்டும். மகன் சினிமாவில் சேரப் போகிறேன் என்றபோது, கட்டி அணைத்து வழியனுப்பவுமில்லை. காகிதத்தை எடுத்து, “வேண்டாம். அங்கே இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்” என்று எழுதிக் காட்டினாள். அவன் போய்விட்டான். பத்து வருஷத்துக்கு மேல் உதவி இயக்குநராக, யார் யார் பின்னாலோ நாற்காலி தூக்கினான். அவள் தடுக்கவுமில்லை, யாரிடமும் சிபாரிசு சொல்லவுமில்லை.

அவனுக்கு முப்பத்துநாலு வயதாகும்போது முதல் படம் கிடைத்தது. படப்பிடிப்பெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் கதைப் பிரதியோடு வந்தான். படத்தில் அம்மாவாக நடித்தவளுக்கு மொழி தெரியாது, குரல் வேண்டும். அதோடு கூச்சத்துடன் இன்னொன்றும் சொன்னான். இது அம்மாவின் கதைதான். பத்திரிகைக்காரர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரை அவளுக்குப் பேச்சு அனுமதி உண்டு. கணவர் ஒரு கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பக்கம் வந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

“உங்களை லாரி அடிச்சிடுச்சு.”

“ரொம்ப வலிச்சுதாமா?” என்று கேட்டார் அவர்.

மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கதையில் அப்பா செத்த பிறகு அந்த அம்மா தையல் மிஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மகனை வளர்க்கிறாள். தொண்டையம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அந்த அம்மா ஒரே ரொட்டியை மகனுக்குக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லித் தண்ணீர் குடிக்கிறாள். மகன் சினிமாவுக்குப் போகிறேன் என்றதும், தலைமுடியை வெட்டி விற்று வழியனுப்புகிறாள். கடைசியில், மகன் முதல் படம் எடுத்து முடித்த அன்றைக்கு, அதன் முதல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது, கொட்டகையின் பின் வரிசையில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் செத்துப்போகிறாள். வரிக்கு வரி கண்ணா, கண்ணா, கண்ணா.

படித்து முடித்துவிட்டு, இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். சினிமா என்றால் அப்படித்தான், நிஜத்தை அப்படியே வைத்தால் யார் பார்ப்பார்கள் என்றான் மகன். அப்படியென்றால் என் கதை என்று ஏன் சொல்கிறாய், எவளோ ஒருத்தி கதை என்று சொல்லிவிட்டுப் போ என்றாள். அவன் அதை விட்டுவிட்டு, குரல் கொடுப்பாயா மாட்டாயா என்று மட்டும் கேட்டான். இதைவிட மோசமான அம்மாக்களுக்கெல்லாம் பேசியிருக்கிறேன், இவளுக்குப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று எண்ணி, சரி என்று தலையாட்டினாள். மணி பத்தடித்துவிட்டது.

அடுத்த வாரம் வேலை தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர், அவன் பக்கத்தில் மகன். முதல் இரண்டு நாளும் ஒரு தடங்கலும் இல்லை. ரொட்டி வசனத்தை அவள் ஒரே டேக்கில் முடித்தபோது, இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பதினெட்டு வருஷம் கேட்டும் இவனுக்குப் புத்தி வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு சின்னக் காட்சி. மகன் தெருக்கோடியில் வருவதைப் பார்த்து அந்த அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறாள். ஒரே சொல். “கண்ணா.” அவள் சொன்னாள். உதட்டோடு பொருந்தியது, குரலில் குழைவு இருந்தது, தூரம் இருந்தது. மகன் இன்னொன்று என்றான். சொன்னாள். இன்னொன்று. மறுபடியும் சொன்னாள். ஏழாவது டேக்கில் இன்ஜினியர் ஓரக்கண்ணால் மகனைப் பார்த்தான். ஒன்பதாவது முடிந்ததும் என்ன குறை என்று மைக்கில் கேட்டாள்.

“குறையெல்லாம் இல்ல. இன்னொன்னு போகலாம்.”

பத்தாவதையும் சொன்னாள். பதினொன்றாவதைச் சொல்லும்போது கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்து அந்தப் பக்கம் வந்தாள். இன்ஜினியர் விவரம் தெரிந்தவன். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான்.

“என்னடா இது?” என்றாள்.

அவன் ஒரு பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னான்.

“சின்ன வயசுல டிவில படம் போடும்போது, உன் குரல் வேற எவனையோ கண்ணானு கூப்பிடும். நீ பக்கத்துலயே வாயை மூடிக்கிட்டு முட்டை தின்னுக்கிட்டு இருப்ப. ஒரு தடவை என்னையும் அப்படிக் கூப்பிடுனு கேட்டேன். ஒன்பது வயசு எனக்கு.”

“நான் என்ன செஞ்சேன்?”

“மேஜையில ரெண்டு தட்டு தட்டின.”

அவளுக்கு அது ஞாபகமில்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் செய்திருப்பாள் என்பதில் சந்தேகமும் இல்லை. அதை வெளியே காட்ட அவள் தயாராக இல்லை.

“அது வேலைக்கு வச்சிருக்கிற குரல்டா. பொய்க் குரல். பெத்த பிள்ளைகிட்ட பொய்க் குரல்ல பேசச் சொல்றியா?”

“பொய்யா இருந்தா என்ன? எனக்கு வேணும்போல இருந்துச்சு.”

மாட்டிக்கொண்ட இடத்தில் அவளுக்கு எப்போதும் கைகொடுப்பது ஏளனம்தான். அன்றும் கொடுத்தது. ஆக, ஒரு கண்ணாவுக்கு ஏங்கி ஒரு முழுப் படமே எடுத்தாய், பொன்னான பிள்ளை என்றாள். ஏக்கமிருந்தால் ஏக்கத்தை எடுத்திருக்கலாமே, பேசாத ஒருத்தியை எடுத்திருக்கலாமே, அதற்குத் தைரியம் இல்லாமல் கடையில் விற்கிற அம்மாவை வாங்கிக்கொண்டு வந்து அதற்கு என் பெயரை ஒட்டினாயா என்றாள். அவன் முகம் சிவந்தது. அவள் விடவில்லை.

“அது போகட்டும். உன்னைக் குளிப்பாட்டின மனுஷனை எதுக்குடா கொன்ன?”

“அப்பா இருந்தா அம்மா மேல யாருக்கும் இரக்கம் வராதும்மா.”

“எனக்கு எதுக்கு இரக்கம்?”

தொண்டையம்மா மேஜை மேலிருந்த தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். சாவுக் காட்சி மட்டும்தான் பாக்கி இருந்தது. இதுவரை ஒரு வேலையையும் பாதியில் விட்டதில்லை என்ற பெருமை அவளுக்கு உண்டு. அந்தப் பெருமையை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வெளியேறினாள். காபிக் கோப்பையோடு நடையில் நின்ற இன்ஜினியரிடம், இவளை வேறு யாராவது சாகடிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறொருத்தி சாகடித்தாள். அதுவரை குழந்தைகளுக்கும் கிளிகளுக்கும் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்து, தொண்டையம்மா மாதிரியே பேசு என்று மீதியை முடித்தார்கள். படம் வெளிவந்தது. ஒன்றரை மணி நேரம் ஒரு குரலில் பேசிய அம்மா கடைசிப் பத்து நிமிஷம் இன்னொரு குரலில் பேசிச் செத்தாள். பார்த்தவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. மூக்கைச் சிந்துவதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை. தன் தொழிலைப் பற்றி அவளுக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றைக்குப் போனது.

கணவர் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு, கண் வீங்கி வந்தார். உங்களைக் கொன்ற படத்துக்கா அழுதீர்கள் என்று எழுதிக் காட்டினாள். நான் போனது பெரிதில்லை, நீ பின் வரிசையில் தனியாகச் செத்ததுதான் தாங்கவில்லை என்றார் அவர். நான் இங்கே சூப் குடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினாள். தெரியும், ஆனாலும் என்றார்.

படம் ஓட ஓட, பத்திரிகைகளில் அவள் புகைப்படமும் வர, தெருவில் நடப்பது தொல்லையாகிவிட்டது. முகம் தெரியாத பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் இரக்கத்தை முறைத்துவிட்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருபது வருஷமாக ஜன்னல் வழியாக அவள் இரண்டு முட்டை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, இவ்வளவு பட்டினி கிடந்திருக்கிறீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று மூக்கை உறிஞ்சினாள். தலைமுடி திரும்ப வளர எத்தனை வருஷம் ஆனது என்று காய்கறிக் கடைக்காரர் விசாரித்தார். சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒருவர், மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த கணவரை மேலும் கீழும் பார்த்து, நீங்கள் அந்த அம்மாவுக்கு இரண்டாவது கணவரா என்று பணிவாகக் கேட்டார்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கேட்டாள்.

“ஆமான்னுட்டேன். இல்லைன்னா இன்னும் கேள்வி கேப்பாரு. அக்குளை அளக்கவே விடமாட்டேங்கிறாரு மனுஷன்.”

படம் நன்றாக ஓடியதற்காக ஒரு பெரிய அரங்கில் விழா எடுத்தார்கள். நிஜ அம்மா மேடைக்கு வர வேண்டும் என்று தயாரிப்பாளரே வீடு தேடி வந்து அழைத்தார். போகமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அந்த ஆள் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் மிஷினில் இருந்தவரை வேலைக்காரர் என்று எண்ணி, பேச்சுக்கு நடுவே காலைத் தூக்கி வழி விடச் சொன்னார். அதைப் பார்த்ததும் வருகிறேன் என்று தலையாட்டிவிட்டாள்.

மேடையில் எல்லோரும் அழுதார்கள். மொழி தெரியாத நடிகை தன் மொழியில் அழுதாள். மகனாக நடித்தவன் மண்டியிட்டுத் தொண்டையம்மாவின் மடியில் தலையை வைத்தான்; காமிராக்காரர்கள் இந்தப் பக்கம் இன்னொரு தடவை என்று கூவியதும் தலையைத் திருப்பி மறுபடி வைத்தான். அவன் தலையில் தடவியிருந்த எண்ணெய்ப் பசை அவள் உடையில் ஒட்டிக்கொண்டது. பிறகு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள் எழுந்து நின்றாள். வேலைக் குரலில் இல்லாமல், வீட்டுக் குரலில், தட்டையாகப் பேசினாள்.

“நான் பட்டினி கிடந்ததில்ல. எனக்குத் தையல் தெரியாது. முடியை விக்கல. இவனை வளர்த்தது இவங்க அப்பா. அதோ, மூணாவது வரிசையில, பழுப்புக் கோட்டு. உயிரோடதான் இருக்காரு. நான் சொல்றதுக்கு இவ்வளவுதான் இருக்கு.”

அரங்கம் ஒரு நிமிஷம் அடங்கிக் கிடந்தது. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் எங்கோ பின்னால் ஒருத்தர் கைதட்டினார். பக்கத்தில் ஒருத்தர். அப்புறம் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. மடியில் தலை வைத்தவன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, செய்த தியாகத்தைக்கூட ஒத்துக்கொள்ளாத இந்த மனசு இருக்கிறதே, இதுதான் அம்மா என்று தழுதழுத்தான். முன்வரிசைப் பெண்கள் இன்னொரு சுற்று அழுதார்கள். மூன்றாவது வரிசையில் பழுப்புக் கோட்டைத் தேடி ஒருவர் தலைகூடத் திரும்பவில்லை.

ஆயிரம் முகங்கள் இருந்திருக்கும். உண்மையை முகத்துக்கு நேராகச் சொன்னாலும் அதைத் துடைத்து அலம்பித் தங்களுக்குப் பிடித்த பொய்யாக்கி வாயில் போட்டுக்கொள்ளும் இந்த ஜனத்துக்கா இத்தனை வருஷம் தொண்டையைக் காப்பாற்றினோம் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டாத ஆள் ஒருவன்தான் அவள் கண்ணில் பட்டான். மேடை ஓரத்தில் அவள் மகன், தலையைக் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவை மட்டும் கடைத்தெருவில் சந்தித்துப் பேசிவிட்டுப் போவான் என்று தெரியும். அவளும் கேட்கவில்லை. அவளுக்கும் ஒரு வேலை இருந்தது: அம்மாக்களை விட்டுவிட்டாள். இனிமேல் பிள்ளை பெற்றவள் எவளுக்கும் குரல் கிடையாது என்று எல்லாக் கூடத்துக்கும் சொல்லியனுப்பினாள். திமிர் என்றார்கள், வயசாகிவிட்டது என்றார்கள். கொஞ்ச நாள் வேலை வறண்டுதான் கிடந்தது. பிறகு மீன்களைப் பற்றிய ஒரு படத்துக்கு விவரம் சொன்னாள். ஒரு கொலைகாரிக்குப் பேசினாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுக்கு, கதவு மூடுகிறது, நான்காவது மாடி, எலும்புப் பிரிவு என்று அரை நாளில் பேசிக் கொடுத்தாள். இன்ஜினியர் இதெல்லாம் உங்கள் தகுதிக்கு ஒரு வேலையா என்று வருத்தப்பட்டான். முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு நல்ல பாத்திரம் எனக்குக் கிடைத்ததில்லை, லிஃப்டுக்கு மகன் கிடையாது என்றாள்.

மகனைச் சுற்றி இதற்குள் தயாரிப்பாளர்கள் மொய்த்தார்கள். எல்லோருக்கும் இன்னொரு அம்மா வேண்டும். இந்தத் தடவை இரண்டு மகன்கள் வைத்துக்கொள்ளலாம், ஒருத்தன் கெட்டவன், என்று ஒருவர் யோசனையும் சொன்னார். அவன் மாட்டேன் என்றுவிட்டான். இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, கையில் இருந்ததை வைத்து, வீடு மாற்றும் கூலியாட்களைப் பற்றி ஒரு படம் எடுத்தான். அதில் அம்மாவே இல்லை. படம் நாலு நாள் ஓடியது.

நாலாவது நாள் மத்தியானம் தொண்டையம்மாவும் கணவரும் பஸ் ஏறிப் போனார்கள். அவனிடம் சொல்லவில்லை. முந்நூறு பேர் உட்காரும் கொட்டகையில் பதினோரு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் வெயிலுக்குப் பயந்து வந்தவர்கள். பன்னிரண்டாவது ஆளாக, விளக்கு அணைந்த பிறகு, மகன் வந்து அதே வரிசையில் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் எழுந்து வரவில்லை. கணவர் இடைவேளைக்கு முன்பே தூங்கிப்போனார்.

படம் இழுத்துக்கொண்டு போனது. வேண்டாத இடத்தில் பாட்டு, தேவையில்லாத ஒரு காதல், பெரிய பெரிய வசனங்கள். தொண்டையம்மா நாலு தடவை கொட்டாவி விட்டாள். ஆனால் நடுவில் ஒரு காட்சி வந்தது. இரண்டு கூலியாட்கள் ஒரு கனமான பீரோவைக் குறுகலான மாடிப்படியில் இறக்குகிறார்கள். திருப்பத்தில் அது சிக்கிக்கொள்கிறது. மேலே இருப்பவன் இழு என்கிறான், கீழே இருப்பவன் தள்ளு என்கிறான். சண்டை வருகிறது. கடைசியில் இருவரும் களைத்துப்போய், ஆளுக்கொரு பக்கம் அந்தப் பீரோவில் சாய்ந்துகொண்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அவள் முன்னால் குனிந்து, கையை முன் நாற்காலியில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். யாரும் அழவில்லை. யாரும் யாரையும் அழவைக்கப் பார்க்கவுமில்லை.

விளக்கு போட்டதும் மூவரும் வெளியே வந்து நடைபாதையில் நின்றார்கள். கணவர் மகனின் தோளைத் தட்டி, கோட்டு தோள்பட்டையில் இழுக்கிறது, கழற்றிக் கொடு, சரி செய்து தருகிறேன் என்றார். அவன் கழற்றிக் கொடுத்தான். அம்மாவைப் பார்க்காமல் நின்றான்.

“அந்தப் பீரோ இறக்குற இடம் இருக்குல்ல,” என்றாள் தொண்டையம்மா. “அது நல்லா இருந்துச்சு.”

அவன் திரும்பினான்.

“மத்ததெல்லாம் குப்பை.”

“எதும்மா குப்பை?”

“எதுன்னு கேக்குறியா? எங்க ஆரம்பிக்கட்டும்?”

முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தாள். பஸ் நிறுத்தம் வரை நடந்துகொண்டே சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் மறுத்துப் பேசினான், அவள் ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கொடுத்தாள். பத்து வயதுப் பையனிடம் தலையாட்டியே காலம் தள்ளியவள், நட்டநடுத் தெருவில், தொண்டை டாக்டர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்குச் சத்தம் போட்டுச் சண்டை போட்டாள். கணவர் கையில் கோட்டோடு பின்னால் வந்தார். பஸ் வந்து நின்றது. காதல் காட்சியைப் பற்றிய விவாதம் முடியாததால், அதைப் போகவிட்டு அடுத்ததற்கு நின்றார்கள்.